ஒரே பெயர், 227 விதம்: மனநலக் கோளாறுகளை எப்படி வகை பிரிக்கிறார்கள்?

மனச்சோர்வு என்று ஒற்றைப் பெயரில் நாம் சொல்லும் நோய் 227 விதமாக வரலாம். நோயாளிகளை எண்ணிப் பார்த்துச் சொன்ன எண் அல்ல இது, வெறும் கூட்டல் கழித்தல் கணக்கு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடும் டிஎஸ்எம் என்ற கையேடு மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகளைத் தருகிறது: நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்து கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, பசியிலோ எடையிலோ மாற்றம், தூக்கத்தில் மாற்றம், பிறர் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு உடல் அசைவு மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, அசதி, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணமோ காரணமற்ற குற்ற உணர்வோ, கவனம் குவியாமை, சாவைப் பற்றிய எண்ணம். இவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஏதாவது ஒன்று கட்டாயம். இந்த விதிக்குள் எத்தனை சேர்க்கைகள் அடங்கும் என்று கணக்குப் போட்டால் 227 வருகிறது.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். இரவெல்லாம் தூக்கம் வராமல் புரள்பவரும், பகலிலும் எழுந்திருக்காமல் தூங்குபவரும் ‘தூக்கத்தில் மாற்றம்’ என்ற ஒரே கட்டத்துக்குள்தான் வருகிறார்கள். பசியே எடுக்காதவரும் ஓயாமல் சாப்பிடுபவரும் அப்படித்தான். ஆளுக்கு ஐந்து அறிகுறிகளுடன் இரண்டு பேர் மருத்துவரிடம் வந்தால், இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு அறிகுறி மட்டும் இருக்கவும் வாய்ப்புண்டு. சீட்டில் எழுதப்படும் பெயர் என்னவோ ஒன்றுதான்.

அப்படியானால் மனச்சோர்வு என்று ஒன்று இல்லையா? தாராளமாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019இல் உலகில் எட்டுப் பேரில் ஒருவர், அதாவது சுமார் 97 கோடிப் பேர், ஏதோவொரு மனநலக் கோளாறுடன் வாழ்ந்தார்கள். பதற்றக் கோளாறுகள் உள்ளவர்கள் சுமார் 30 கோடி, மனச்சோர்வு உள்ளவர்கள் சுமார் 28 கோடி. அவர்கள் படும் துன்பத்தில் சந்தேகமே இல்லை. அதைப் பிரித்து அடுக்கும் முறைதான் மனிதர்கள் கூடிப் பேசி முடிவு செய்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு பக்கம் ‘எல்லா அறிகுறியும் எனக்கு இருக்கிறதே’ என்ற பயமும், மறுபக்கம் ‘இதெல்லாம் ஒரு நோயா’ என்ற ஏளனமும் கிளம்புகின்றன.

காரணம் தெரியாமல் பெயர் வைப்பது

கிருமிகளைப் பற்றித் தெரியாத காலத்தில் மருத்துவர்கள் காய்ச்சலை அது வந்துபோகும் தாளத்தை வைத்துப் பிரித்தார்கள்: ஒரு நாள் விட்டு வருவது, இரண்டு நாள் விட்டு வருவது, விடாமல் அடிப்பது என்று. மலேரியா ஒட்டுண்ணி கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அந்தத் தாளத்துக்குக் காரணம் புரிந்தது. மனநல மருத்துவம் பெரும்பாலும் இன்னும் தாளத்தைக் கவனிக்கும் கட்டத்தில்தான் இருக்கிறது. மனச்சோர்வையோ, நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் மனச்சிதைவையோ (ஸ்கிசோஃப்ரீனியா) உறுதிப்படுத்தும் ரத்தப் பரிசோதனை கிடையாது; ஸ்கேனும் கிடையாது. மனநல மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொன்னால், அது பெரும்பாலும் உடல் நோய் எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று பார்ப்பதற்காக. தைராய்டு சுரப்பு குறைந்தால் மனச்சோர்வு போலவே இருக்கும், கூடினால் பதற்றம் போலவே இருக்கும். வைட்டமின் பி12 குறைபாடு, ஸ்டீராய்டு மாத்திரை, மது, போதைப்பொருள் எல்லாமே மனநோயின் வேடம் போடக்கூடியவை.

வகைப்பாடு அறிகுறிகளின் மேல் நிற்கிறது என்றாலும் அறிகுறி மட்டும் போதாது. ஏறக்குறைய ஒவ்வொரு கோளாறின் வரையறையிலும் மேலும் மூன்று கேள்விகள் உண்டு. எத்தனை நாளாக இருக்கிறது? வேலை, படிப்பு, உறவு, அன்றாடப் பாடு இவற்றை எவ்வளவு முடக்குகிறது, அல்லது எவ்வளவு வேதனை தருகிறது? வேறு நோயாலோ மருந்தாலோ இது வந்திருக்க முடியுமா? பட்டியலை மட்டும் எடுத்துப் பகிர்பவர்கள் இந்த மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பட்டியலைவிட இவைதான் முக்கியம். பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் எல்லோருக்கும் அவ்வப்போது வருபவைதானே.

நியூயார்க்கில் ஒரு நோய், லண்டனில் வேறு நோய்

இன்றைய வகைப்பாட்டின் அடித்தளம் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்லின் போட்டது. ஒரு நாள் பார்த்த அறிகுறியை வைத்து முடிவு செய்யாமல், நோய் வருடக்கணக்கில் எப்படிப் போகிறது என்று அவர் பின்தொடர்ந்தார். 1899இல் வெளிவந்த தன் பாடநூல் பதிப்பில் கடும் மனநோய்களை இரண்டாகப் பிரித்தார்: படிப்படியாகச் சீரழியும் வகை ஒன்று, வந்து வந்து போய் இடையில் மனிதர் தெளிந்துவிடும் வகை இன்னொன்று. முன்னதற்கு 1908இல் ஸ்விட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர் புதுப் பெயர் வைத்தார்; அதைத்தான் நாம் மனச்சிதைவு என்கிறோம். பின்னதன் வாரிசுதான் இன்றைய இருதுருவக் கோளாறு, அதாவது பைபோலார்.

அப்புறம் நீண்ட காலம் நியூரோசிஸ், சைக்கோசிஸ் என்ற பிரிவு ஆட்சி செய்தது. நிஜத்தோடு தொடர்பு அறுந்தால் சைக்கோசிஸ். தொடர்பு அறாமல் தவித்தால் நியூரோசிஸ். நியூரோசிஸ் என்ற சொல்லோடு ஆழ்மன மோதல்தான் காரணம் என்ற பிராய்டியக் கருத்தும் ஒட்டிக்கொண்டே வந்தது. டிஎஸ்எம்மின் முதல் இரண்டு பதிப்புகளும், 1952இலும் 1968இலும் வந்தவை, அந்தச் சாயலோடுதான் இருந்தன. கோளாறுகளைச் சில வரிகளில் வர்ணித்தார்களே தவிர, எத்தனை அறிகுறி, எத்தனை நாள் என்ற அளவுகோல் எதுவும் இல்லை.

இதன் விளைவு சிரிப்பும் வருத்தமும் கலந்தது. அமெரிக்க மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோயாளிகள் பிரிட்டனைவிட மிக அதிகமாகப் பதிவானார்கள். கடலைத் தாண்டினால் நோய் மாறுமா என்று பார்க்க 1960களின் பிற்பகுதியில் நியூயார்க், லண்டன் நோயாளிகளை ஒரே ஆய்வுக் குழு ஒரே வரையறையை வைத்துப் பரிசோதித்தது. வித்தியாசம் பெருமளவு மறைந்துபோனது. மாறியிருந்தது மருத்துவர்களின் பழக்கம். லண்டனில் மனச்சோர்வு என்றோ மேனியா (கட்டுமீறிய உற்சாகம்) என்றோ எழுதப்பட்டிருக்கக்கூடிய பலரை நியூயார்க்கில் மனச்சிதைவு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சங்கடத்துக்குப் பதிலாக வந்ததுதான் 1980இன் டிஎஸ்எம் மூன்றாம் பதிப்பு. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் உருவான அது, காரணத்தைப் பற்றிய கோட்பாடுகளை ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணுக்குத் தெரிவதை எண்ணச் சொன்னது. ஒன்பதில் ஐந்து, இரண்டு வாரம் என்ற பாணி பரவியது அங்கிருந்துதான். இதற்குச் சமாந்தரமாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய்களின் பன்னாட்டு வகைப்பாடு, சுருக்கமாக ஐசிடி, எல்லா உடல் நோய்களோடும் மனநோய்களையும் சேர்த்துத் தொகுக்கிறது. அதன் 11ஆம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது, அதன் திருத்தம் 2022இல். இரண்டு நூல்களும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத இடங்கள்தான் சுவாரசியமானவை.

பதற்றத்தின் பல முகங்கள்

உலகில் மிக அதிகம் பேருக்கு இருப்பது பதற்றக் கோளாறுகள்தான், ஆனால் மருத்துவரிடம் போகாமலே காலம் தள்ளுபவர்களும் இதில்தான் நிறைய. பொதுவான பதற்றக் கோளாறில் கவலைக்கு ஒரு குறிப்பிட்ட இலக்கு இருக்காது. பணம், உடல்நலம், பிள்ளைகள், நாளைய வேலை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அடக்கவும் முடியாது. ஆறு மாதம் என்கிறது டிஎஸ்எம். கூடவே தசை இறுக்கம், எரிச்சல், அரைகுறைத் தூக்கம். இவர்களில் பலர் முதலில் போவது தலைவலிக்கோ வயிற்றுக் கோளாறுக்கோதான்.

பேனிக் அட்டாக் வேறு மாதிரி. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும் பீதி: நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை நடுங்கும், வியர்க்கும், செத்துவிடுவோம் அல்லது பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றும். மாரடைப்பு என்று நினைத்து அவசர சிகிச்சைக்கு ஓடுவது சகஜம். முதல் தடவை அப்படி ஓடுவதுதான் சரியும்கூட, இதயத்தில் ஒன்றுமில்லை என்று பார்த்தாக வேண்டும். ஒரு முறை இப்படி வந்ததாலேயே நோய் ஆகிவிடாது. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற பயமோ, அதனால் நடமாட்டம் சுருங்குவதோ ஒரு மாதமாவது நீடிக்கும்போதுதான் அது பேனிக் கோளாறு.

பிறர் முன்னால் அவமானப்பட்டுவிடுவோம் என்ற அச்சம், கூட்டத்திலோ மூடிய இடத்திலோ மாட்டிக்கொள்வோம் என்ற அச்சம், உயரம், நாய், ஊசி என்று குறிப்பிட்ட பொருள்மீது வரும் அச்சம் எல்லாம் இதே குடும்பம். இதில் ரத்தத்தையும் ஊசியையும் கண்டால் வரும் அச்சம் ஒரு விசித்திரம். மற்ற அச்சங்களில் ரத்த அழுத்தம் ஏறும். இதில் மட்டும் முதலில் ஏறி உடனே இறங்கிவிடுவதால் ஆள் மயங்கி விழுவார்.

ஓசிடி என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் கோளாறு முன்பு பதற்றக் குடும்பத்தில் இருந்தது. டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பு அதற்குத் தனி அத்தியாயம் கொடுத்தது, ஐசிடியும் அப்படியே. அலமாரியை ஒழுங்காக அடுக்குபவரையெல்லாம் ஓசிடி என்று கேலி செய்கிறோம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. விரும்பாத எண்ணம் ஒன்று அத்துமீறி நுழைகிறது. கையில் கிருமி ஒட்டியிருக்கிறது, கதவைப் பூட்டவில்லை, அல்லது பெற்ற குழந்தைக்கே நான் தீங்கு செய்துவிடுவேனோ என்று. அதைத் தணிக்கக் கழுவுகிறார், சரிபார்க்கிறார், மனத்துக்குள் எண்ணுகிறார், மற்றவரிடம் கேட்டுக் கேட்டு உறுதிசெய்கிறார். தணிவது கொஞ்ச நேரம்தான். ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே கழிகிறது என்பது டிஎஸ்எம் தரும் அளவுகோல்களில் ஒன்று. குழந்தைக்குத் தீங்கு பற்றிய எண்ணம் வரும் தாய்மார்கள் வெட்கத்தால் வாய் திறப்பதே இல்லை. அந்த எண்ணம் வந்து அவர்கள் திகிலடைவதே அது அவர்களின் விருப்பம் அல்ல என்பதைக் காட்டுகிறது, ஆனால் யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும். தனி அத்தியாயம் கொடுத்ததில் பலனும் உண்டு: பயப்படும் பொருளை எதிர்கொள்ளவைத்து, சடங்கைச் செய்யாமல் தடுக்கும் சிகிச்சை இதற்கென்றே வளர்ந்தது, மருந்தும் பெரும்பாலும் மனச்சோர்வுக்குத் தருவதைவிட அதிக அளவில் தேவைப்படுகிறது.

பேரதிர்ச்சிக்குப் பின் வரும் பிடிஎஸ்டியும் இப்படித் தனி வீடு பெற்றதுதான். 1980இல்தான் இது அதிகாரபூர்வமாக நூலில் ஏறியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் போராட்டம் அதற்கு முக்கியக் காரணம். நடந்தது மீண்டும் நடப்பது போன்ற மறு அனுபவம், அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து விறைத்திருப்பது ஆகியவை இதன் மையம். இங்கே இரண்டு நூல்களும் பிரிகின்றன. டிஎஸ்எம் 20 அறிகுறிகள் வரை விரிக்கிறது. ஐசிடி இந்த மூன்றோடு சுருக்கிவிட்டு, நீண்ட காலக் கொடுமைக்கு ஆளானவர்களுக்காகச் சிக்கலான பிடிஎஸ்டி என்று தனியாக ஒன்றைச் சேர்க்கிறது. டிஎஸ்எம்மில் அப்படி ஒரு பெயர் கிடையாது.

மேலே போகும் மனம்

மனச்சோர்வு என்று எழுதப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் இருப்பது பைபோலார். அவர்கள் மருத்துவரைத் தேடுவது தாழ்ந்த கட்டத்தில்தான். உயர்ந்த கட்டத்தில் தேட மாட்டார்கள், ஏனென்றால் அப்போது அவர்களுக்கு எல்லாம் பிரமாதமாக இருக்கும். இரண்டு மூன்று மணி நேரத் தூக்கமே போதும், பேச்சு நிற்காது, எண்ணங்கள் ஓடும், செலவு எல்லை மீறும், திடீர்த் திட்டங்கள் முளைக்கும், குறுக்கே யார் வந்தாலும் எரிந்து விழுவார்கள். ஒரு வாரம் இப்படி இருந்தால், அல்லது மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனால், அது மேனியா. நான்கு நாளாவது நீடித்து, ஆனால் வாழ்க்கையைக் கவிழ்க்காத மென்மையான வடிவம் ஹைப்போமேனியா. முன்னது இருந்தால் முதல் வகை பைபோலார், ஹைப்போமேனியாவும் மனச்சோர்வும் இருந்தால் இரண்டாம் வகை.

பெயர் மாறுவதால் சிகிச்சை மாறும் இடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் சில பைபோலார் நோயாளிகள் மேனியாவுக்குள் போய்விடுவார்கள். ஆகவேதான் நல்ல மருத்துவர் சோகத்தைப் பற்றிக் கேட்ட கையோடு, ‘தூக்கமே இல்லாமல் உற்சாகமாக இருந்த காலம் எப்போதாவது உண்டா’ என்று நோயாளியையும் கேட்பார், வீட்டாரையும் கேட்பார். வீட்டாருக்குத்தான் பெரும்பாலும் நினைவிருக்கும்.

நிஜம் நழுவும்போது

மனச்சிதைவு என்றதும் ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது முற்றிலும் வேறு கோளாறு. மனச்சிதைவில் யாரும் பேசாதபோது குரல்கள் கேட்கும், பெரும்பாலும் தன்னைப் பற்றி விமர்சிக்கும் குரல்கள். எந்த ஆதாரம் காட்டினாலும் அசையாத நம்பிக்கைகள் குடியேறும்: என்னைக் கண்காணிக்கிறார்கள், என் எண்ணத்தை ஒலிபரப்புகிறார்கள் என்று. பேச்சு கோர்வை இழக்கும். இவையெல்லாம் வெளியில் தெரிபவை. சத்தமில்லாமல் நடப்பவையும் உண்டு: முகத்தில் உணர்ச்சி வற்றுவது, பேச்சு குறைவது, குளிப்பதற்குக்கூட உந்துதல் இல்லாமல் போவது. வீட்டார் இதைச் சோம்பல் என்று திட்டுவார்கள். மருந்துகள் குரல்களை அடக்கும் அளவுக்கு இந்தப் பின்வாங்கலைச் சரிசெய்வதில்லை, ஒருவர் திரும்ப வேலைக்குப் போக முடியுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான்.

காலக்கெடு எவ்வளவு மனிதத் தீர்மானம் என்பது இங்கே பளிச்சென்று தெரியும். டிஎஸ்எம்மின்படி இந்த அறிகுறிகள் ஒரு மாதத்துக்குள் முடிந்தால் ஒரு பெயர், ஆறு மாதத்துக்குள் என்றால் இன்னொரு பெயர், ஆறு மாதம் தாண்டினால்தான் மனச்சிதைவு. ஐசிடிக்கோ ஒரு மாதமே போதும். முன்பு இதையே பல துணைவகைகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரே நோயாளி வருடத்துக்கு வருடம் வேறு துணைவகைக்கு மாறிக்கொண்டிருந்ததால் இரண்டு நூல்களும் அவற்றைக் கைவிட்டுவிட்டன.

ஆட்டிசமும், கவனம் நிலைக்காமலும் துறுதுறுப்பு அடங்காமலும் இருக்கும் ஏடிஎச்டியும் குழந்தைப் பருவத்திலேயே தொடங்குபவை என்பதால் வளர்ச்சி சார்ந்த தனிக் குழு. பேச்சும் அறிவும் பின்தங்காத ஆட்டிச வடிவத்துக்கு இருந்த அஸ்பெர்கர் என்ற தனிப்பெயரை 2013இல் டிஎஸ்எம் ஆட்டிச நிறமாலைக்குள் கரைத்துவிட்டது. அந்தப் பெயரையே தங்கள் அடையாளமாகக் கொண்டிருந்த பலர் அதை எதிர்த்தார்கள்.

நூலில் ஏறுவதும் இறங்குவதும்

1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு மனநோய் என்று எழுதி, அதற்குக் கிரேக்கத்தில் ஒரு பெயரும் வைத்தார். 1973 வரை ஒருபாலீர்ப்பு டிஎஸ்எம்மில் கோளாறாக இருந்தது; ஐசிடியிலிருந்து அதை எடுக்க 1990 வரை ஆனது. ஒரு காலத்தின் ஒழுக்கம் நோய்ப் பெயரின் உடையில் வந்துவிட முடியும் என்பதால்தான், வேதனையோ முடக்கமோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இவ்வளவு அழுத்தம் பெற்றது.

துக்கத்தைப் பற்றிய சண்டை இன்னும் அடங்கவில்லை. டிஎஸ்எம் நான்காம் பதிப்பு, நெருங்கியவர் இறந்து இரண்டு மாதம் வரை மனச்சோர்வு என்று பொதுவாக எழுதாதே என்றது. ஐந்தாம் பதிப்பு அந்த விலக்கை எடுத்துவிட்டது. துக்கத்தை நோயாக்குகிறார்கள் என்று ஒரு தரப்பு கொதித்தது. துக்கத்தில் இருப்பவருக்கும் உண்மையான மனச்சோர்வு வரலாம், அவருக்கு ஏன் உதவியை மறுக்க வேண்டும் என்றது மறு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. 2022இல் நீடித்த துக்கக் கோளாறு தனியாகவே சேர்க்கப்பட்டது: பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது டிஎஸ்எம், ஆறு மாதம் என்கிறது ஐசிடி.

எண்ணி அளந்தால் மருத்துவர்கள் ஒத்துப்போவார்கள் என்ற 1980இன் நம்பிக்கை எவ்வளவு பலித்தது? ஐந்தாம் பதிப்புக்கு முன் நடந்த கள ஆய்வில், ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தார்கள். முழு ஒற்றுமைக்கு 1, குருட்டு அதிர்ஷ்டத்துக்கு 0 என்ற அளவில் பிடிஎஸ்டி 0.67 பெற்றது. மனச்சோர்வு 0.28, பொதுவான பதற்றக் கோளாறு 0.20. அதிகம் பேருக்கு எழுதப்படும் பெயர்கள்தான் இப்படித் தள்ளாடுகின்றன. மனச்சோர்வும் பதற்றமும் ஒருவருக்கே சேர்ந்து வருவது அவ்வளவு சகஜம் என்பதால் இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. 2013இல் வந்த ஒரு பெரிய மரபணு ஆய்வும் மனச்சிதைவு, பைபோலார், மனச்சோர்வு, ஆட்டிசம், ஏடிஎச்டி ஐந்துக்கும் பொதுவான மரபணு இடங்கள் இருப்பதைக் காட்டியது. நூல் போட்ட சுவர்களை உடல் மதிப்பதில்லை.

அதே 2013இல், டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பு வெளிவரச் சில வாரங்கள் இருக்கும்போது, அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத் தலைவர் தாமஸ் இன்செல் தங்கள் ஆராய்ச்சி இந்த வகைகளைவிட்டு விலகும் என்று அறிவித்தார். பயம், வெகுமதி, நினைவு போன்ற அடிப்படைச் செயல்பாடுகளை அளந்து ஆராய்வோம் என்பது அவர்கள் திட்டம். ஆராய்ச்சிக்கு அது பயன்பட்டிருக்கிறது. மருத்துவரின் மேசைக்கு இன்னும் வரவில்லை. மேசைக்கு வந்த மாற்றம் ஆளுமைக் கோளாறுகளில்தான். நடத்தை, உறவு, தன்னைப் பற்றிய உணர்வு ஆகியவை நெடுங்காலமாகவே கோணலாக அமைந்துவிடுவதை டிஎஸ்எம் இன்னமும் பத்து வகைகளாகப் பிரிக்கிறது. ஐசிடி 11 அந்தப் பத்தையும் கலைத்துவிட்டு, முதலில் கடுமை எவ்வளவு என்று பார், லேசா, நடுத்தரமா, தீவிரமா என்று; பிறகு எந்தக் குணங்கள் தூக்கலாக இருக்கின்றன என்று குறித்துக்கொள் என்கிறது. உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் தத்தளிக்கும் எல்லைக்கோட்டு ஆளுமைக்கு மட்டும் விலக்காக ஒரு குறிப்பை வைத்திருக்கிறது, அதற்கென்று சிகிச்சைகள் இருப்பதால்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் போகும்போது ஒன்றை எதிர்பார்க்கலாம்: முதல் சந்திப்பில் எழுதப்படும் பெயர் கடைசிப் பெயராக இருக்க வேண்டியதில்லை. ஒரு வருடம் கழித்து அது மாறினால் முதலில் தவறாகப் பார்த்துவிட்டார் என்று பொருளில்லை. கிரெப்லின் செய்தது போல, நோய் போகும் போக்கைப் பார்த்துத்தான் பல நேரம் தெளிவு வருகிறது. எந்தப் பெயர், ஏன் அந்தப் பெயர், வேறு எதை யோசித்து விலக்கினீர்கள் என்று கேட்பது நோயாளியின் உரிமை. நாட்குறிப்பு போலத் தூக்கம், மனநிலை, மாத்திரை இவற்றைக் குறித்துக்கொண்டு போனால் நினைவை நம்பிச் சொல்வதைவிட அது உதவும்.

காலக்கெடு எதுவும் பொருந்தாத அறிகுறி ஒன்று உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, அப்படிச் செய்யச் சொல்லிக் குரல் கேட்டாலோ, இரண்டு வாரம் ஆயிற்றா, ஐந்து அறிகுறி இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கத் தேவையில்லை. அன்றே அவசர சிகிச்சைக்குப் போகலாம், மனநல உதவி எண்ணை அழைக்கலாம், கூட யாராவது இருக்கலாம். பக்கத்தில் இருப்பவர் ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா’ என்று நேராகக் கேட்கவும் செய்யலாம். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.